பக்கத்துத் தெருவுக்குப் போன வீடு

கொடிமேட்டில் போதை மீட்பு மையம் இருந்த வீடு நடக்கத் தொடங்கியது ஒரு தை மாதத்து மத்தியானம், ஊர் முழுக்க உண்ட களைப்பில் உருண்டு கிடந்த நேரத்தில் என்பதால், அது எப்படிக் கிளம்பியது, எந்தப் பக்கமாகத் திரும்பியது என்று சொல்ல ஆளில்லை. மூன்றரை மணிக்கு எழுந்து முகம் கழுவ வந்தவர்கள் பார்த்ததெல்லாம், கீழரத வீதியில் அது இருந்த இடத்தில் ஈரமான மண்ணும் அதில் நெளிந்த மண்புழுக்களும், தெற்குரத வீதியின் நட்டநடுவில் பச்சைச் சுண்ணாம்பு அடித்த இரண்டு அறை வீடும், அதன் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஜெபராணி டீச்சரையும்தான். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவரில்லை. குடியிலும் மாத்திரையிலும் மாட்டிக்கொண்டவர்களை உட்கார வைத்துப் பேசி மீட்பதற்காக வந்தவர். ஆனால் கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் பேசும் பெண்களை எங்கள் ஊர் டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

காரணம் கேட்டால் காரணமும் இருந்தது. அந்த வீட்டில் மையத்தின் பலகை ஏறிய நாளிலிருந்து கீழரத வீதிக்காரர்கள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: நல்ல காரியம், யாரும் வேண்டாம்னு சொல்லலை, ஆனா பக்கத்துத் தெருவுல வச்சுக்கிடுங்க. வாசலில் நின்று சொன்னார்கள், கவுன்சிலரிடம் சொன்னார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னார்கள். வயசுப் பிள்ளைகள் இருக்கிற தெரு என்றார்கள், கோயிலுக்குப் போகிற வழி என்றார்கள், மனை விலை விழுந்துவிடும் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் சொன்னார்கள். சுவருக்கும் காது உண்டு என்று சொல்லி வைத்த பெரியவர்கள் சுவரின் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது அவர்கள் பிழை. சொல்லுக்குக் கட்டுப்பட்ட அந்த வீடு பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. தெற்குரத வீதிக்காரர்களும் தூக்கம் கலைந்து வந்து அதே வாக்கியத்தைச் சொல்ல, மறுநாள் மத்தியானம் மேலரத வீதிக்குப் போயிற்று.

முதல் வாரம் கொஞ்சம் சிரமமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மின்வாரியத்து ஆள் வந்து கம்பியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, "இழுபடுற வரைக்கும் இழுபடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பியும் அவர் பேச்சைக் கேட்டு நாலு தெருவுக்கும் இழுபட்டது. மினிபஸ்காரர் காலையில் டீக்கடையில் விசாரித்துவிட்டு அன்றைய வழியை முடிவு செய்தார். தபால்காரர், முகவரியில் தெருப்பெயர் எழுதி என்ன பிரயோசனம் என்று, வீட்டை எங்கே பார்க்கிறாரோ அங்கே கடிதத்தைக் கொடுத்தார். வீடும் மரியாதை தெரிந்த வீடாகத்தான் இருந்தது. கோலத்தை மிதிக்கவில்லை, தெருவில் படுத்துக் கிடந்த மாட்டை எழுப்பாமல் சுற்றிப் போயிற்று, தையல்காரர் வேலாண்டியின் கடைச் சார்ப்பில் உரசி ஓர் ஓடு உடைந்ததற்கு மறுநாளே தன் கூரையிலிருந்து ஓர் ஓட்டைக் கழற்றி அங்கே வைத்திருந்தது. உள்ளே இருந்த டீச்சருக்கும், அவருக்கு உதவியாக இருந்த திரவியம் அண்ணாச்சிக்கும் நகர்ந்ததே தெரியவில்லையாம், அடுப்பில் இருந்த ரசம் லேசாக அலம்பியதைத் தவிர.

பழக முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அந்த வீடு யார் வாசலுக்கு எதிரே நிற்கிறதோ அந்த வீட்டில் குடிகாரன் இருக்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. வடக்குரத வீதியில் அது நின்ற அன்று எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர் இடுப்பில் துண்டோடு நின்று சண்டை போட்டார்கள்.

"எங்க வீட்டுக்கு வரலவே. உம்ம வீட்டப் பாத்துத்தான் வந்து நிக்கி."

"எங்க வீட்டப் பாத்து நிக்கதுன்னா முதுகக் காட்டிக்கிட்டா நிக்கும்? வாசல் உம்ம பக்கம்லா இருக்கு."

இப்படித் தெருவுக்குத் தெரு வாய்ச்சண்டை வளர்ந்து, பெண் பார்க்க வந்தவர்கள் பச்சை வீட்டைப் பார்த்துவிட்டு வந்த காரிலேயே திரும்பிப் போகிற அளவுக்கு ஆனபோதுதான், கோயில் தர்மகர்த்தா தாணு, எந்தச் சிக்கலுக்கும் சாமி பேரில் ஒரு நியாயம் கண்டுபிடித்துத் தருபவர், கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டிச் சொன்னார்.

"நாலு ரத வீதியையும் சுத்தி வருது. வாசலுக்கு வாசல் நிக்கி. இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? தேர்னு நெனச்சுக்கிடுங்க. தீந்து போச்சு."

தீர்ந்துதான் போயிற்று. சாமி ஊர்வலம் வரும்போது இன்ன இடத்தில் நின்று இன்னாருடைய உபசாரத்தை ஏற்றுக்கொண்டு போவது என்று ஒரு வழக்கம் உண்டல்லவா, மண்டகப்படி, அது இந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. நேற்றுவரை சன்னலைச் சாத்திக்கொண்டவர்கள் இன்று தண்ணீர் தெளித்து, மாக்கோலம் போட்டு, வாழைமரம் கட்டி, என் வாசலில் நிற்காதா என்று காத்திருந்தார்கள். யாருக்கு முதல் மரியாதை என்று அடிதடி நடந்தது. படியில் சூடம் ஏற்றினார்கள், சிதறு தேங்காய் உடைத்தார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள், மணியார்டர் கொண்டுவந்த தபால்காரரைக் கூட்டத்தில் நசுக்கினார்கள். திரவியம் அண்ணாச்சி தலையில் பரிவட்டம் கட்ட வந்தபோது அவர், "நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவன்யா" என்று சொல்லிப் பார்த்தார். அதுவும் சாமிதானே என்று கட்டிவிட்டார்கள்.

எல்லாம் செய்த எங்கள் ஊர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்த வீட்டுக்குள் ஒருத்தர் போகவில்லை. ஊரே வாசலில் திரண்டு நிற்கும்போது எந்தக் குடிகாரன் துணிந்து படியேறுவான்? டீச்சர் ஒருநாள் மாலையும் கழுத்துமாக வருத்தப்பட்டார்: "முந்தி விரட்டுனாங்க, மாசத்துக்கு நாலு பேராவது ஒளிஞ்சு மறைஞ்சு வந்தாங்க. இப்பக் கும்பிடுறாங்க, ஒரு ஆள் வரலை."

இதில் யாருக்கு உயிர் போகிற அவசரம் என்றால், சந்தைமுக்கில் ஆப்பக்கடை வைத்திருந்த ஆவுடைக்கு. அவள் புருஷன் பூதத்தான் ஊரின் மைக்செட்காரன். கொடியேற்றம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவதும் சீரியல் பல்பு தொங்கவிடுவதும் "மைக் டெஸ்டிங்" சொல்வதும் அவன்தான். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கு அப்பன் குரலுக்கு அடுத்தபடி தெரிகிற குரல் அவனுடையது. நல்லவன், சிரிக்க வைக்கிறவன், கடன் சொன்னாலும் லைட் கட்டுகிறவன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவன் வேறு ஆள். தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் ஆவுடையைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது, குடியை இந்த வருஷத்துக்குள் நிறுத்தாவிட்டால் பிறகு நிறுத்தியும் பிரயோசனமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொல்லாமல் ஆப்பச் சட்டியைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் சுமந்தாள்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் கை நடுக்கத்தில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நின்றவன், அவள் வந்து போட்டுவிட்டபோது, "சரி, கூட்டிட்டுப் போ" என்றான். மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவள் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஆனால் அவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாப்பிட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வடக்குரத வீதிக்குப் போனால் ஈர மண்தான் இருந்தது. டீக்கடைக்காரர் கீழரத வீதி என்றார். அங்கே போய்ச் சேர்ந்தபோது பச்சை வீட்டைச் சுற்றி ஊர் நின்றது, நாதஸ்வரம் மல்லாரி வாசித்துக்கொண்டிருந்தது, போதாக்குறைக்கு மண்டகப்படிக்காரர் வாடகைக்கு எடுத்திருந்த பூதத்தானுடைய குழாய் ரேடியோவே அவன் தலைக்கு மேல் அலறிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு சனம் பாக்க என்னய அந்தப் படியேறச் சொல்லுதியா?" என்றான்.

"பாத்தா பாக்கட்டும். வாங்க."

"நாளைக்கு மைக்கப் பிடிச்சு நான் ஒரு வார்த்த பேச முடியுமா? சிரிப்பானுவ ஆவுடை."

கையை உதறிவிட்டு அவன் போனது நேராக மதுக்கடைக்கு. ஆவுடைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. புருஷன் மேல் பாதி, சூடம் காட்டிக்கொண்டிருந்த ஊர் மேல் பாதி. அந்த ஆத்திரத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தர்மகர்த்தாவின் முன்னால் நின்றாள்.

"சாமிக்குப் படையல் போட்டா உள்ள கொண்டு போய் வைக்கணுமா, வாசல்லயே வச்சுட்டுப் போகலாமா அண்ணாச்சி?"

"வாசல்ல வைக்கக் கூடாதும்மா. உள்ளதான் போகணும்."

"அப்பம் தேரும்பீய, மண்டகப்படிம்பீய, உள்ள இருக்க ரெண்டு பேருக்கும் ஒருவேளச் சோறு உண்டா? டீச்சர் கீர கடஞ்சு சாப்பிடுதாவ. இதுதான் மரியாதையா?"

தாணு தன் வலையில் தானே விழுந்தார். விழுந்தவர், விழுந்தது தெரியாமல் இருக்க, அதையே சட்டமாக்கிவிட்டார்: இன்று முதல் மண்டகப்படி வீட்டார் சமைத்த சாப்பாட்டை மூடியுள்ள சம்புடத்தில் போட்டு, வீட்டு ஆம்பிளை தன் கையால் உள்ளே கொண்டுபோய்ப் பரிமாற வேண்டும், அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை கூட இருக்க வேண்டும். யார் முதலில் போவது என்று உடனே ஒரு சண்டை தொடங்கியதால், சட்டம் நிறைவேறிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஆவுடை டீச்சரிடம் போய் இன்னொன்றும் சொன்னாள். "சம்புடத்த மட்டும் திருப்பிக் குடுத்திராதீய டீச்சர். கழுவல, நாளைக்கு வாங்கன்னு சொல்லிருங்க."

டீச்சர் வெளியூர்க்காரர், ஏன் என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி அவருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. புருஷனை நாலு நாள் தேடாமல்கூட இருந்துவிடுவார்கள், பேர் வெட்டிய பாத்திரத்தை ஒருநாள் தேடாமல் இருக்க மாட்டார்கள். மூடியோடு போன சம்புடம் மூடியோடு வீடு வந்து சேரும்வரை, அதைக் கொண்டு போனவனுக்குக் காப்பி கிடையாது. ஆகவே மறுநாள் ஆண்கள் சம்புடம் வாங்கப் போனார்கள். வீடு வேறு தெருவுக்குப் போயிருந்தால் அந்தத் தெருவுக்குத் தேடிப் போனார்கள். "உக்காரும், இந்தா கழுவித் தாரேன்" என்று திரவியம் அண்ணாச்சி அவர்களை உட்கார வைத்து, உலகத்தில் யாரும் பாத்திரம் கழுவாத நிதானத்தில் கழுவிக்கொண்டே, தான் லாரி ஓட்டிய காலத்தைச் சொன்னார்: வெங்காய லோடோடு ஒரு சாராயக்கடை ஓரம் வண்டியை நிறுத்தியவர், ஒரு மடக்கு என்று இறங்கி, முளைவிட்ட வெங்காயத்தோடு ஊர் போய்ச் சேர்ந்த கதை. சிரித்தார்கள். அடுத்து, அவர் மகள் கல்யாணத்தன்று அவர் எங்கே கிடந்தார் என்ற கதை. அப்போது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு கதைக்கு நடுவில் எவனாவது ஒருவன் தன் கதையைத் தொடங்கிவிடுவான்.

"எங்கவே போறீரு?" என்று கேட்டால், "சம்புடம் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிடலாம், அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது. பங்குனி முடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் சம்புடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் வேலாண்டி முதலில் குடியிலிருந்து வெளிவந்தார். பல வருஷக் குடியைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு உதறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று டீச்சர் அவரை முதல் பத்து நாள் தாலுகா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். திரும்பி வந்தவர் தைத்த ரவிக்கைக்கு இரண்டு கையும் ஒரே நீளத்தில் இருந்ததைத் தெருவே வாங்கிப் பார்த்தது.

இதற்கிடையில் மேல்நிலைப்பள்ளிக்குப் பின்பக்கச் சுவரோரம் ஒரு மோட்டார்பைக்குக்காரன் வந்து பையன்களுக்கு என்னவோ மாத்திரை கொடுக்கிறான் என்று ஒரு பேச்சு இருந்தது. போலீசுக்குச் சொன்னார்கள், போலீஸ் வரும்போது அவன் இருப்பதில்லை. ஒரு மத்தியானம் பச்சை வீடு அந்தச் சுவரோரம், அவன் பைக்கை நிறுத்துகிற இடத்தின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. நிற்க இடமில்லாமல் அவன் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்தான். எட்டாவது நாள் மண்டகப்படிக் கூட்டமே அவனைப் பிடித்து ஸ்டேஷனில் ஒப்படைத்தது. அவனை நம்பி நின்றிருந்த பையன்கள், நாதஸ்வரச் சத்தத்தில் வேறு வழியில்லாமல் உள்ளே போய்ச் சுண்டல் வாங்கித் தின்றார்கள். டீச்சர் அவர்களை அதட்டவில்லை, அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்பதை மட்டும் கதைபோலச் சொன்னார். ரெண்டு பேர் மறுநாள் தனியாக வந்து, எங்க அம்மாட்ட நீங்களே சொல்லுங்க டீச்சர் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வீடு அந்த இடத்தை விட்டு நகர்ந்தது.

ஊருக்கெல்லாம் வழி பிறந்தது, வழியைக் கண்டுபிடித்தவள் வீட்டில் மட்டும் பிறக்கவில்லை. பூதத்தான் யாரையும்விட அதிகமாகப் போனான். ஆவுடையின் சம்புடம் போயிற்று, டிபன் கேரியர் போயிற்று, இட்லிக் கொப்பரையே போயிற்று, கடைசியில் அவள் பக்கத்து வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கிச் சோறு பொங்கினாள். போன இடத்தில் அவன் தர்மகர்த்தாவைப் போல் பேசிக் காட்டினான், கட்சிக்காரர்களைப் போல் இருமிக் காட்டினான், அழ வந்தவர்களையும் சிரிக்க வைத்தான். அவன் முறை வந்து எல்லாரும் அவனைப் பார்க்கும்போது, கழுவாத பாத்திரத்தை அங்கேயே போட்டுவிட்டு, "நேரமாச்சு" என்று எழுந்துவிடுவான். எழுந்து போவது மதுக்கடைக்கு.

"பாத்திரம் தெனம் வருது ஆவுடை," என்றார் டீச்சர். "ஆளு இன்னும் வரலை."

ஆனித் திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரம் ராஜகோபுரத்துக்குப் பல்பு கட்ட ஏணியில் ஏறியவன், மேலே போய்க் கை நடுங்கி விழுந்தான். கோயில் மாட்டுக்கு இறக்கிய வைக்கோல் கீழே குவிந்து கிடந்ததால் முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து, "மைக் டெஸ்டிங்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். ஆவுடை சிரிக்கவில்லை. முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, மூன்று மாதமல்ல, ஏழு மாதமாகச் சுமந்த டாக்டரின் சொல்லை அன்றைக்கு அவனிடம் இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"இன்னைக்கு வைக்கோலு கெடந்துச்சு. போற எடமெல்லாம் வைக்கோலு கெடக்குமா? இனிமே நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட வத்திப் போச்சு."

தேரோட்டத்தன்று காலையில் அசல் தேர் நிலையை விட்டுக் கிளம்பியது. நாலாயிரம் பேர் வடம் பிடிக்க, பூதத்தான் முன்னால் போகிற வண்டியில் நின்று மைக்கில் சத்தம் போட்டு இழுக்க வைக்க, தேர் கீழரத வீதியைக் கடந்து தெற்கு மூலையில் திரும்பியது. திரும்பிய இடத்தில் தெருவை அடைத்துக்கொண்டு, வாசலைத் தேருக்கு நேராகக் காட்டிக்கொண்டு, பச்சை வீடு நின்றது. திருவிழா பரபரப்பில் ஊர் அதை மறந்தே போயிருந்தது. வடம் தளர்ந்தது, தேர் குலுங்கி நின்றது, முட்டுக்கட்டை போட்டார்கள்.

தாணு ஓடி வந்து, வேட்டியை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். "பக்கத்துத் தெருவுக்குப் போயிரும். ஒரு மணிக்கூர்தான்." ஊரும் அதையே சொன்னது. நாலாயிரம் வாயும் சேர்ந்து பக்கத்துத் தெருவுக்குப் போ என்று சொல்லியும், முன்னெல்லாம் ஒருத்தர் சொன்னதற்கே போன வீடு அசையவில்லை.

"இதுக்கு என்ன வேணுமாம்?" என்று தாணு படியில் நின்ற டீச்சரைக் கேட்டார்.

"யாராவது உள்ளே வரணும் போல."

"அவ்வளவுதானா? ஏ, யாராவது ஒரு சம்புடம் கொண்டாங்கய்யா."

யார் கையிலும் சம்புடம் இல்லை. ஊரே வீட்டைப் பூட்டிவிட்டு வடம் பிடிக்க வந்திருந்தது. வாசல் திறந்து கிடந்தது, எல்லாரும் அடுத்தவனைப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த வாசல் யார் வீட்டையும் பார்த்து நிற்கவில்லை, தேருக்கு முன்னால் நின்ற மொத்தப் பேரையும் பார்த்து நின்றது. பூதத்தான் வண்டிமேல் நின்று, பெண்கள் வடத்தோரம் ஆவுடை இருக்கிற இடத்தைப் பார்த்தான். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவனைப் பார்க்காமல் கையில் பிடித்த வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடுவதற்கு ஆள் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பயந்து போனான்.

"பக்தகோடிப் பெருமக்களே," என்றான். நாலு வீதியிலும் கட்டியிருந்த குழாய்களில் அவன் மூச்சு கேட்டது. "ஒரு அறிவிப்பு. நான் குடிக்கேன். அது ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியாதுன்னு நான் ஒருத்தன்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கையில பாத்திரம் ஒண்ணும் இல்ல. சும்மாதான் உள்ள போறேன். குடிய விட்டுட்டுத்தான் வருவேன், அதுக்கு நாளாகும்னு டீச்சர் சொல்லுதாவ. யாரும் கூட வாரதுன்னா இப்பமே வாங்க. தேரு எப்படியும் நிக்கத்தான செய்யி."

இறங்கி வந்தவன் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல், வழியில் நின்ற ஆவுடையின் கையில் கொடுத்துவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி குனிந்த தலையோடு மூன்று படியும் ஏறி உள்ளே போனான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கதை கேட்பவர்களுக்கு மனக்குறை வேண்டாம். பூதத்தான் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வந்தபின் இரண்டு தடவை சறுக்கினான், இரண்டு தடவையும் மறுநாள் காலையில் தானே அந்த வீட்டைத் தெருத்தெருவாகத் தேடிப் போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் கோபுரத்தில் பல்பு கட்டுகிறான், ஈரல் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேரும் அன்றைக்குச் சாயங்காலம் நிலைக்கு வந்து சேர்ந்தது. வீடு முன்னே போக, தேர் பின்னே போக, வடத்தை முக்கால்வாசிப் பெண்கள்தான் இழுத்தார்கள்.

ஏனென்றால் ஆண்கள் வடத்தை விட்டுவிட்டார்கள். முதலில் தபால்காரர், அவரைப் போய் யார் நினைத்தார்கள், வடத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார். அவருக்குப் பின்னால் வடக்குரத வீதியில் துண்டோடு சண்டை போட்ட இருவரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒன்றாகப் போனார்கள். பிறகு கவுன்சிலரின் தம்பி. பிறகு பெயர் சொல்ல முடியாத அளவுக்கு ஆட்கள், வேர்வையும் விபூதியுமாக, இரண்டே அறை உள்ள அந்த வீட்டு வாசலில் நெருக்கியடித்து முட்ட ஆரம்பித்தார்கள். எங்கே இடம் பத்தாமல் போய்விடுமோ என்று பின்னால் நின்றவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் திட்ட, மறுபடியும் ஒரு முதல் மரியாதைச் சண்டை கிளம்பப் போன நேரத்தில், நாலு வீதியிலும் குழாய்கள் ஒருமுறை கரகரத்தன. மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாத ஆவுடை அதை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள்.

"தள்ளாதீங்க. இடம் இருக்கு. எல்லாருக்கும் உள்ள இடம் இருக்கு."